முப்பது பேர் நிற்கலாம்

பதினொன்றே கால் மணிக்குப் பால்கனியில் இருபத்தெட்டுப் பெண்கள் ஏறி நின்று பாட வேண்டும். பத்தே முக்கால் வரைக்கும் சைரனுக்கு அதில் ஒரு பயமும் இல்லை.

சைரன் என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயரல்ல. இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு புத்தக வெளியீட்டு விழா பாதி நடந்துகொண்டிருக்கும்போது, "காஸ் கசியுது! எல்லாரும் வெளிய போங்க!" என்று அவள் கத்திய கத்தலில் இருநூறு பேர் வாசலுக்கு ஓடினார்கள். ஒரு பெரியவருக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. கடைசியில் பார்த்தால், அது காஸ் இல்லை. முந்தின நாள் நாற்காலிகளுக்கு அடித்த பெயிண்ட் வாசனை. அன்றிலிருந்து, நிகழ்ச்சிகள் நடத்திக் கொடுக்கும் அந்த அலுவலகத்தில் அவள் சைரன்தான். முதலாளியான மேடம் மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. "இன்னொரு தடவை இப்படி நடந்தா நான் திட்ட மாட்டேன். வேற வேலை பாத்துக்கோன்னு அனுப்பிடுவேன்," என்று ஒரே ஒரு முறை, குரலை உயர்த்தாமல் சொல்லியிருந்தார்.

இன்றைய நிகழ்ச்சி சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்களின் ஒருநாள் கூட்டம். மேடைக்குப் பின்னால் 'ஒரு குப்பை மிஞ்சாது, ஒரு சொட்டு வீணாகாது' என்று பழைய துணியில் கையால் எழுதிய பெரிய பேனர். வந்திருப்பவர்கள் முந்நூற்று எண்பது பேர். இடத்தைத் தேர்ந்தெடுத்தது சைரன். நிகழ்ச்சி மேலாண்மை படிக்க வாரத்தில் நான்கு நாள் மாலை வகுப்புக்குப் போகிறவள் அவள். வகுப்பில் கற்றுக்கொடுத்தபடியே ஏழு இடங்களுக்கு நேரில் போய், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி மதிப்பெண் போட்டாள். ஆறு இடங்கள் கண்ணாடியும் ஏசியுமாகப் பளபளத்தன. ஏழாவது, தானியம் அடுக்கி வைத்த பழைய கிடங்கு. இப்போது அதைக் கூடமாக மாற்றி வாடகைக்கு விடுகிறார்கள். பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். உயரமான ஜன்னல்கள் இருப்பதால் பகலில் விளக்கு வேண்டாம். பின்பக்கத்தில், ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை, மரத்தாலான ஒரு பால்கனி.

அந்தப் பால்கனிதான் அவளுக்குக் கிடைத்த புதையல். தண்ணீர் பாட்டில் கூடாது என்பது நிகழ்ச்சியின் முதல் விதி. அதனால் ஐந்நூறு லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் தொட்டிகள் நான்கை மேலே ஏற்றி வைத்து, அங்கிருந்து கீழே எட்டுக் குழாய்களுக்கு இறக்கிவிட்டாள். மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம். மேலே இருப்பது தானாகக் கீழே வரும். மேடமே அந்தத் திட்டத்தைப் படித்துவிட்டு, "பரவால்லயே, மூளை வேலை செய்யுதே," என்று சொன்னார். சைரன் அந்த வார்த்தையைத் தேதி போட்டு டைரியில் எழுதி வைத்துக்கொண்டாள்.

பாட்டுக்கும் பால்கனிதான் பொருத்தம் என்று முடிவானது. பாடப்போவது ஓய்வு பெற்ற தபால் ஊழியர்களின் பெண்கள் பாட்டுக் குழு. அதில் முன்வரிசையில் நிற்பவள் சைரனின் அம்மா. "மேல எத்தன பேர் நிக்கலாம் சார்?" என்று சைரன் கூடத்தின் மேனேஜரிடம் கேட்டிருந்தாள். "முப்பது பேர் நிக்கலாம்," என்று அவர் சொன்னார். குழுவில் இருபத்தெட்டு, ஒலிபெருக்கிக்கு ஒருவர், படம் எடுக்க ஒருவர். ஆக முப்பது. நோட்டில் 'ஆட்கள்' என்ற பக்கத்தில் அதற்கு நேராக டிக் போட்டாள்.

தண்ணீர்த் தொட்டிகள் இருந்தது நோட்டின் வேறு பக்கத்தில்.

இனி கதவுக்கு வருவோம். பால்கனிக்கு அடியில், பின்சுவரை ஒட்டி, ஒரு பொருளறை உண்டு. மைக் ஸ்டாண்டு, மடக்கு மேசை எல்லாம் அதற்குள்தான். காலை ஏழு மணிக்கு அதன் கதவு திறக்கவில்லை. விளக்கும் ஒலியும் பார்க்கும் லைட் அண்ணன் தோளால் மூன்று முறை இடித்து, நான்காவது முறை கதவோடு சேர்ந்து உள்ளே போய் விழுந்தார்.

"நேத்து மத்தியானம் வெண்ணெய் மாதிரி தொறந்துச்சே!" என்று தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "ராத்திரியோட ராத்திரியா இதுக்கு என்ன கோவம்?"

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்," என்றார் மேனேஜர்.

"மழை பேஞ்சு பத்து நாளாச்சு சார்."

"அப்ப பழைய மழையா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சைரனும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நோட்டில், 'பொருளறைக் கதவு: எண்ணெய்' என்று எழுதிவிட்டு, "அண்ணே, எங்கயாவது கொஞ்சம் எண்ணெய் கெடச்சா கொண்டு வாங்க," என்று லைட் அண்ணனிடம் சொல்லி வைத்தாள். அதோடு அதை மறந்தும் போனாள்.

பத்தே முக்காலுக்குக் கடைசி வரிசையில் இருந்த ஒரு அம்மையார் அவள் கையைத் தொட்டார். "ஏம்மா, மேலருந்து சுண்ணாம்பு கொட்டுது பாரு. என்னன்னு கேளு."

அவர் தோளில் வெள்ளைப் பொடி. மடியில் இருந்த நிகழ்ச்சி நிரலிலும் உப்பு தூவியது போல ஒரு கோடு. சைரன் நிமிர்ந்து பார்த்தாள். பால்கனியைத் தாங்கும் உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் பூச்சு விரிந்திருந்தது. விரல் நுழைகிற அளவுகூட இல்லை. பழைய கட்டடம் என்றால் விரிசல் இருக்காதா? இருக்கும். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு ஏனோ அவள் கண் பொருளறைக் கதவுக்குப் போனது. கதவின் மேல்விளிம்பில் ஒரு நீளத்துக்குப் புதிதாகச் சிராய்த்து, உள்மரம் மஞ்சளாகத் தெரிந்தது. பக்கவாட்டில் ஒரு கீறலும் இல்லை. மரம் ஊதினால் பக்கவாட்டிலும்தானே பிடிக்கும்?

கதவு ஊதவில்லை. மேலே இருந்தது கீழே இறங்கியிருக்கிறது.

தொட்டிகளை நிரப்பியது எப்போது? நேற்று மாலை ஐந்தரைக்கு. லைட் அண்ணனுக்குக் கதவு வெண்ணெயாகத் திறந்தது நேற்று மதியம். நோட்டைத் திறந்து, பென்சிலை எடுத்து, தண்ணீர்ப் பக்கத்தைப் புரட்டினாள். ஐந்நூறு இன்டு நான்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். இரண்டாயிரம் கிலோ. ஓர் ஆளுக்கு அறுபத்தைந்து, எழுபது கிலோ என்று வைத்தால், முப்பது பேர் எவ்வளவு? இரண்டாயிரத்துச் சொச்சம்.

முப்பது பேர் நேற்று மாலையே ஏறி நின்றுவிட்டார்கள். இப்போது இன்னொரு முப்பது பேர் ஏறப் போகிறார்கள்.

தப்பாகப் போட்டிருப்போம் என்று மறுபடி போட்டாள். அவளுக்குத் தன்னுடைய கணக்கின் மேல் என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. மூன்றாம் தடவையும் போட்டாள். மூன்று தடவையும் ஒரே விடைதான் வந்தது. தன் கணக்கு சரியாக வந்ததற்காக அவள் நடுங்கியது அன்றைக்குத்தான்.

மேனேஜர் குழாயடியில் ஒரு குவளை தண்ணீரோடு நின்றிருந்தார்.

"சார், மேல முப்பது பேர்னு சொன்னீங்களே, அது தொட்டியோட சேத்தா, தொட்டி இல்லாமலா?"

"தொட்டியா? யாரு தொட்டியப் பத்திப் பேசினா? முப்பது பேர். அவ்வளவுதான்."

"அந்தக் கணக்கு யார் போட்டது?"

"எனக்கு முன்னாடி இருந்த மேனேஜர் சொன்னாரு. அவருக்கு யாரு சொன்னான்னு அவரத்தான் கேக்கணும்." அவர் குவளையைக் காலி செய்தார். "தண்ணி நல்லா இருக்கும்மா."

நேரம் பத்து ஐம்பத்திரண்டு. சைரன் ஓரமாகவே நடந்து முன்வரிசைக்குப் போனாள். ஓடக் கூடாது என்று காலுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். மேடம் சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காதருகில் குனிந்தாள்.

"மேடம், பால்கனியில ஒரு பிரச்சனை."

மேடம் முகத்தில் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, "மறுபடியும் காஸா?" என்றார்.

"இல்ல மேடம். தண்ணி."

"கசியுதா?"

"இல்ல. கனக்குது."

மேடம் அப்போதுதான் திரும்பினார். சைரன் கதவு, விரிசல், இரண்டாயிரம் கிலோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பயத்தில் வரிசை மாறிப்போய், காலில் இருக்க வேண்டியது தலைக்கும் தலையில் இருக்க வேண்டியது காலுக்கும் போய்விட்டது.

"கதவு பிடிக்குதுன்னு நிகழ்ச்சிய நிறுத்தச் சொல்றியா?" மேடத்தின் குரல் இன்னும் இறங்கியது. "இங்க பாரு. நீ சத்தமா ஒரு வார்த்தை பேசின, நாளைக்கு ஆபீஸுக்கு வர வேண்டாம்."

சூடு கண்ட பூனைதான் அவள். காஸ் காஸ் என்று கத்தியதும், அந்தப் பெரியவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்ததும் கண்ணுக்குள் வந்தன. இப்போது கத்தினால் முந்நூற்று எண்பது பேரும் வாசலுக்கு ஓடுவார்கள். வாசல் பால்கனிக்கு அடியில்தான் இருந்தது.

கத்தக் கூடாது. மேடம் சொன்னது அந்த ஒரு விஷயத்தில் சரி. ஆனால் சத்தமில்லாமல் பேசலாமே. சத்தமில்லாமல் பேசக் கூடாது என்று மேடம் சொல்லவில்லை.

மேடையோரத்தில் அறிவிப்பாளர் அடுத்த சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டைக்காக அவருக்கு வெண்கலம் என்று பெயர்.

"வெண்கலம் அண்ணே, கடைசி ஆறு வரிசையும் முன்னாடி வரணும். நாற்காலியோட. இப்பவே."

"எதுக்கு தங்கச்சி?"

"காரணம் சொல்லக் கூடாது."

"காரணம் இல்லாம ஜனங்க தும்மக்கூட மாட்டாங்களே." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பேயறைந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். அதற்கு மேல் கேட்காமல் மைக்கை எடுத்தார். "அன்பர்களே! வந்ததுலருந்து உக்காந்த எடத்துலயே உக்காந்திருந்தா அதுக்குப் பேரு சுற்றுலாவா? கடைசி ஆறு வரிசைக்காரங்க நாற்காலியத் தூக்கிக்கிட்டு அப்படியே முன்னாடி ஒரு பயணம் வாங்க பாப்போம்! முன்வரிசைக்காரங்க வழி விடுங்க. டிக்கெட் கெடையாது!"

சிரிப்பு எழுந்தது. நாற்காலிகள் உராய்ந்தன. ஒருவர் விசில் அடித்தார். சைரன் மூச்சை விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது.

பால்கனிப் படிக்கட்டில் பாட்டுக் குழுவின் நீல உடைகள் ஏறிக்கொண்டிருந்தன.

மணி பத்து ஐம்பத்தெட்டு. பதினேழு நிமிடம் முன்னதாகவே. அம்மாவின் குழு வேறு எப்படி வரும்? முப்பத்திரண்டு வருடம் தபால் பை கட்டுகிற நேரத்துக்கு முன்னால் போய் நின்றவர்கள். சைரன் இப்போது ஓடினாள்.

படிக்கட்டு குறுகல். நடுவில் நின்றிருந்தவர்களை உரசிக்கொண்டு ஏறினாள். மேலே ஏற்கெனவே பதினோரு பேர் கைப்பிடியோரமாக வரிசை கட்டி நின்றார்கள். நான்கு தொட்டிகளும் அவர்களுக்குப் பின்னால் நான்கு யானைக்குட்டிகளைப் போல அமைதியாக நின்றன. ஜன்னல் வெயில் அவற்றின் மேல் மின்னியது. அழகாகத்தான் இருந்தது. அவள் ஒரு காலை மட்டும் பலகையில் வைத்தாள். பலகை மிக மெதுவாக, வேண்டா வெறுப்பாக, காலுக்கடியில் கொஞ்சம் கீழே போனது.

"என்னடி மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? காலைல ஒண்ணும் சாப்பிடலயா?" என்றாள் அம்மா.

"அம்மா, எல்லாரையும் கீழ எறக்கு."

"இப்பத்தான ஏறினோம்! கீழருந்து பாடினா யாரு பாப்பா? மூணு மாசமா இந்தப் பால்கனிய நெனச்சுத்தான் பயிற்சி பண்ணிருக்கோம்."

"இந்த முழங்கால வச்சிக்கிட்டு இருபத்திரண்டு படி ஏறியிருக்கேன்," என்று படி முடிவிலிருந்து ஒரு அக்கா சொன்னாள். "இனி கிரேன் வந்தாத்தான் எறங்குவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பதினோரு பேர் ஒன்றாகச் சிரித்தபோது பலகை அதிர்ந்ததைச் சைரன் காலில் உணர்ந்தாள். மேடத்திடம் சொன்னது போல வரிசை மாற்றிச் சொல்ல இப்போது நேரமில்லை. அம்மா யார்? முப்பத்திரண்டு வருடம் பார்சல் நிறுத்தவள்.

"அம்மா, அந்தத் தொட்டி நாலும் நெறைய தண்ணி. மொத்தம் ரெண்டாயிரம் கிலோ. பால்கனி தாங்கறதே அவ்வளவுதான். நான் அத எடை போட மறந்துட்டேன்."

அம்மா தொட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு தன் காலடியைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போனது. ஆனால் குரல் மாறவில்லை.

"பொண்ணுங்களா, பாட்டு கீழதான். மேல அனுப்பின பார்சல் திரும்பி வருது. படில நிக்கறவங்க முதல்ல எறங்குங்க. அவங்க எறங்கினதும் இங்கருந்து ஒவ்வொருத்தரா. சுவத்தோரமா. சேர்ந்து நடக்காதீங்க, கைப்பிடியில சாயாதீங்க, ஒருத்தர் படிய விட்டதும் அடுத்தவங்க."

"ஏன் அக்கா, என்னாச்சு?"

"கீழ வந்து சொல்றேன். முழங்கால், நீ முதல்ல."

"கிரேன்?"

"இந்தா, எம் பொண்ணுதான் கிரேன். பிடிச்சுக்கோ."

முழங்கால் அக்கா இருபத்திரண்டு படிகளையும் படிக்கு இரண்டு மூச்சாக இறங்கினாள். சைரன் அவளைப் பாதிப் படி வரை விட்டுவிட்டு மறுபடியும் மேலே வந்தாள். ஒருவர். இன்னொருவர். கீழே வெண்கலம் ஏதோ ஒரு கப்பல் கதையைச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவள் எண்ணினாள். ஆறு பேர் போயாயிற்று. ஏழு.

எட்டாவது பெண் நகர்ந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. யாரோ விரலில் சொடக்கு எடுத்தது போல, மரத்துக்குள்ளிருந்து ஒரே ஒரு 'டக்'. மேலே நின்ற எல்லோருக்கும் கேட்டது. எட்டாவது பெண் ஒரு காலைத் தூக்கிய நிலையிலேயே நின்றுவிட்டாள்.

"கால வை," என்றாள் அம்மா, மெதுவாக. "மெல்ல. ஆங். நட."

எட்டு. ஒன்பது. பத்து. அம்மாவும் அவளும் மட்டும் மிஞ்சினார்கள்.

"நீ போ," என்றாள் அம்மா.

"நீ போம்மா. நான்தான் கடைசி. இது என் வேலை."

"உன் எடை என்ன?"

"அம்மா, இப்ப போயி..."

"சொல்லுடி."

"நாப்பத்தெட்டு."

"நான் எழுபத்தொண்ணு. கனமானது முதல்ல எறங்கணும். தள்ளு." அம்மா அவளைச் சுவரோரமாக ஒதுக்கிவிட்டு, படியில் காலை வைத்தாள். மகளின் விரல்களைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. இரண்டு பேரும் கை எட்டுகிற தூரத்திலேயே இறங்கினார்கள்.

கீழே லைட் அண்ணன் காத்திருந்தார். தொட்டிகளின் குழாய் பின்சுவர் வழியாக வெளியே இறங்கி, தோட்டத்துப் பக்கம் ஒரு வால்வில் முடிகிறது. நிகழ்ச்சி முடிந்தபின் மீதித் தண்ணீர் செடிகளுக்குப் போக வேண்டும் என்பது சைரனின் ஏற்பாடு. "அண்ணே, வெளிய போயி வால்வ முழுசாத் தொறந்து விடுங்க. உள்ள குழாயடிக்கு யாரும் போகக் கூடாது," என்றாள். அவர் எதுவும் கேட்கவில்லை. காலையில் அந்தக் கதவோடு மோதிய தோள் அவருடையது.

பதினொன்றே காலுக்கு இருபத்தெட்டுப் பெண்களும் நாற்காலிகளுக்கு நடுவில் நின்று பாடினார்கள். பாட்டு நன்றாக இருந்ததா என்று சைரனுக்குத் தெரியாது. அவள் கூட்டத்துக்கும் பால்கனிக்கும் நடுவில், மிஞ்சிய பேனர் துணியை இரண்டு தூண்களுக்கு இடையே கட்டிவிட்டு, அதற்கு முன்னால் நின்றாள். வெளியே போக வந்தவர்களை எல்லாம், முற்றத்துப் பக்கம் இருந்த சின்ன வாசலைக் காட்டி, "பக்கத்து வாசல் வழியா போங்க," என்று கும்பிட்டுத் திருப்பி விட்டாள்.

பாட்டு முடிந்து, விருந்தினர் கைதட்டி, கூட்டம் சாப்பாட்டுக்காகப் பக்கத்து வாசல் வழியே முற்றத்துக்குப் போனபோது மணி பன்னிரண்டு. மேடம் வந்தார். கூடவே மேனேஜரும் வந்தார்.

"ஒரு மணி நேரம் ஆச்சு," என்றார் மேடம். "ஒண்ணும் ஆகல."

"ஆகல மேடம்."

"ஆயிரம் லிட்டருக்கு மேல தண்ணி மண்ணுல ஓடுது. மேடை பேனர்ல என்ன எழுதியிருக்கு, படி."

அவள் படிக்கவில்லை. ஒரு சத்தம், கொஞ்சம் சுண்ணாம்பு, ஒரு கதவு. அவ்வளவுதானே? பழைய மரம் சொடக்கு எடுக்காதா? பெயிண்ட் வாசனையும் அன்றைக்கு அவள் மூக்குக்குக் காஸாகத்தான் இருந்தது. கணக்கு சரியாகவே இருந்தாலும், அந்த மேனேஜரின் முப்பது தப்பாக இருக்கலாமே. அறுபதாகக்கூட இருக்கலாம்.

"இத்தன வருஷமா நிக்குதும்மா," என்றார் மேனேஜர். "வேணா நான் மேல போயி குதிச்சுக் காட்டட்டுமா?" துணியைத் தூக்கிக்கொண்டு குனிந்தவர் மேலே போகவில்லை. பாட்டு முடிந்ததும் மகள் பக்கத்தில் வந்து நின்றிருந்த அம்மா அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தாள்.

"விடுங்கம்மா!"

"தண்ணி முழுக்கப் போகட்டும். அப்புறம் குதிங்க. நானும் கை தட்டறேன்."

மேனேஜர் சட்டையை இழுத்தார். அம்மா விடவில்லை. அந்த இழுபறியில்தான் கூடத்துக்குள் ஒரு முனகல் கேட்டது. நான்கு பேரும் திரும்பினார்கள்.

பொருளறைக் கதவு. காலையில் மைக் ஸ்டாண்டுகளை எடுத்த பிறகு, மூட வராமல், லைட் அண்ணன் உதைத்து உதைத்துப் பாதியில் இறுக்கி விட்டுப்போன கதவு. அதன் பக்கத்தில் ஒருவரும் இல்லை. காற்றும் இல்லை. மேல்விளிம்பு நிலையை உரசிக்கொண்டு ஒரு விரல் அளவு நகர்ந்தது. நின்றது. மேலே உத்திரத்தில் ஏதோ நெட்டி முறித்தது. பிறகு அந்தக் கதவு, பிடித்திருந்த கையை யாரோ விட்டுவிட்டது போல, வெண்ணெயாக, முழுவதும் திறந்து சுவரில் போய் மெல்ல இடித்தது.

மேனேஜர் துணிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. மேடம் உத்திரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், காலியாகக் கிடந்த கடைசி ஆறு வரிசைத் தரையைப் பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. ஆறு வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணுகிறார் என்பது சைரனுக்குப் புரிந்தது. அந்த எண் அவள் நோட்டில் இருந்தது. அவள் தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

பக்கத்து வாசல் வழியாக லைட் அண்ணன் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"தண்ணி முழுக்க எறங்கிடுச்சு," என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டினார். "இந்தா சைரன், காலைல கேட்டியே. கதவுக்கு எண்ணெய்."

யாரும் சிரிக்கவில்லை. மேடம்தான் கையை நீட்டி அந்த டப்பாவை வாங்கிக்கொண்டார்.